கோச்சுக்கு நான் போட்ட மார்க்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. வேர்ஹவுஸில் ஃபோர்க்லிஃப்ட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறேன். சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால்... மகளின் கல்லூரி.

வேலை நேரத்தில் பிள்ளையின் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தால் உங்களுக்கு என்ன தோன்றும்? சுற்றுலாவுக்கு அனுமதிக் கடிதம் கேட்கிறார்கள் என்று தோன்றலாம். எனக்கு முதலில் மகளின் கை முறிந்தது. பிறகு கால். நான் பெல்ட்டைக் கழற்றி, சரக்குப் பலகையை இறக்கிவிட்டு, போனைக் காதில் வைப்பதற்குள் அம்புலன்ஸ் வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பிவிட்டது.

இந்தப் பக்கத்தை வாரம் தவறாமல் வாசிப்பவர்களுக்கு என் சுபாவம் தெரியும். புதியவர்களுக்கு ஒரு வரி: நான் கவலைப்படுவதில் முழுநேர ஊழியன். ஃபோர்க்லிஃப்ட் பகுதிநேரம்தான்.

"பதற்றப்பட ஒன்றுமில்லை" என்றது ஒரு மென்மையான ஆண்குரல். யாராவது இப்படிச் சொல்லும்போதுதான் எனக்குப் பதற்றமே ஆரம்பமாகும். பேசியவர் கல்லூரியின் உப அதிபர், அதாவது துணைத் தலைமையாசிரியர். "கோச் ரொபின் பற்றி நீங்கள் எழுதியனுப்பிய முறைப்பாட்டை வாசித்தோம். அதைச் சும்மா விட்டுவிட மாட்டோம். விசாரித்து முடியும்வரை அவரைப் பயிற்சியிலிருந்து விலகியிருக்கச் சொல்லியிருக்கிறோம். வெள்ளிக்கிழமை காலை நீங்கள் வந்து பேச முடியுமா?"

முறைப்பாடா? புகாரா?

நான் அந்த மனுஷியைப் புகழ்ந்தல்லவா எழுதினேன்!

கதையை ஒழுங்காகச் சொல்கிறேன். என் மகள் அபிநயாவுக்குப் பதினைந்து வயது. கல்லூரியின் பெண்கள் ஃபுட்போல் அணியில் இடதுபக்கத் தடுப்பாட்டக்காரி. கல்லூரி என்றதும் தமிழ்நாட்டு வாசகர்கள் பட்டப்படிப்பு என்று நினைத்துவிடக்கூடாது. யாழ்ப்பாணத்தில் போலவே சிட்னியிலும் பள்ளிக்கூடத்துக்குக் கல்லூரி என்று பெயர் வைப்பார்கள். அதேபோல ஃபுட்போல் என்பதையும் விளக்க வேண்டும். இந்த நாட்டில் ஃபுட்போல் என்ற பெயரில் நாலு விளையாட்டு இருக்கிறது. அதில் மூன்றைக் கையில் பந்தை வைத்துக்கொண்டு விளையாடுகிறார்கள். மகள் விளையாடுவது மிச்சமுள்ள ஒன்று. உருண்டைப் பந்து, காலால் உதைப்பது.

இந்த அணியின் ஹெட் கோச்தான் ரொபின். ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர். ஒரு முழங்காலில் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர், அதனால் ஓடமாட்டார். ஓடாமலே எல்லா இடத்திலும் இருப்பார். கழுத்தில் ஒரு விசில். அதையும் அதிகம் ஊதமாட்டார். பார்த்தாலே போதும்.

முதல் நாள் நான் மகளின் விளையாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குள் போனேன். நம் ஆட்கள் அப்படித்தானே? பிள்ளை வெறுங்கையோடு முன்னால் நடக்கும். தகப்பன் பையும் தண்ணீர்ப் போத்தலுமாகப் பின்னால் போவான். ரொபின் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்றைக்கு நீங்களா விளையாடுகிறீர்கள்?" என்று கேட்டார்.

பையைக் கீழே வைத்தேன். அதற்குப் பிறகு அந்தப் பையை நான் தொட்டதே இல்லை.

இரண்டாவது வாரம், ஆட்டத்தின்போது நான் எல்லைக்கோட்டு ஓரம் நின்று "ஓடு பிள்ளை, ஓடு! அந்தப் பக்கம் பார்! விடாதை!" என்று கத்திக்கொண்டிருந்தேன். பயத்தில் கத்துவதுதான், உற்சாகம் ஒன்றும் இல்லை. ரொபின் மெதுவாக நடந்து வந்து என் கையில் ஒரு லொலிபொப்பைத் தந்துவிட்டுப் போனார். ஏன் என்று புரியாமல் வாயில் போட்டேன். வாயில் இனிப்பு இருந்தால் கத்த முடியாது என்பது அதன்பிறகுதான் விளங்கியது. திரும்பிப் பார்த்தால் வரிசையாக ஏழெட்டுத் தகப்பன்மார் லொலிபொப்போடு அமைதியாக நிற்கிறார்கள்!

எனக்கு அந்தக் கணமே மனுஷியைப் பிடித்துப்போய்விட்டது.

சரி, முறைப்பாட்டுக்கு வருகிறேன். ரொபினுடைய ஒப்பந்தம் இந்த வருடத்தோடு முடிகிறது. அவரை வைத்திருப்பதா, வேறொருவரை எடுப்பதா என்று கல்லூரி முடிவுசெய்ய வேண்டும். அணி அடிக்கடி தோற்கிறது. ஏதோ ஒரு பெரிய அகடமியிலிருந்து ஓர் இளைஞரைக் கொண்டுவரலாம் என்றும் பேச்சு. ஆகவே பெற்றோர் சிலரிடம் கருத்துக் கேட்டு ஒரு படிவம் அனுப்பினார்கள். அந்தச் சிலரில் நானும் ஒருவன்.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். என்னிடம் ஓர் ஆசிரியைக்கு மார்க் போடச் சொல்கிறார்கள்!

படிவம் வந்த சனிக்கிழமை, மைதானத்தில் கார்த்திக்கிடம் கேட்டேன். கார்த்திக் கோயம்புத்தூர்க்காரர், ஐ.டி. வேலை. அவர் மகள்தான் எங்கள் கோல்கீப்பர். அவருக்கும் படிவம் போயிருந்தது. எல்லா ஆட்டத்தையும் எக்செல்லில் ஏற்றி வைத்திருப்பவர் அவர்.

"நான் கம்மியாதாண்ணா போட்டேன்" என்றார். "வின் ரேட்டப் பாருங்க. இந்த சீசன்ல ஜெயிச்சதவிட தோத்ததுதான் ஜாஸ்தி. கோச்சுன்னா ரிசல்ட் வேணும்ல? நல்லவங்கதான், நான் இல்லைங்கல. ஆனா நல்லவங்களா இருந்து என்ன பண்றது? டேட்டான்னு ஒண்ணு இருக்குல்ல?"

"உங்கட மகள்தானே கோல்கீப்பர்?" என்றேன்.

"அண்ணா, அந்த டாபிக் வேண்டாமே" என்றார்.

வீட்டுக்கு வந்து குசினி மேசையில் படிவத்தை விரித்தேன். பத்துக் கேள்வி. ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துவரை மார்க். கீழே எழுத ஒரு பெரிய பெட்டி.

ஐந்து போடலாமா? எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டால் இவன் வாசிக்காமல் போட்டான் என்று நினைக்கமாட்டார்களா? தவிர, நாம் யாருக்காவது முழு மார்க் கொடுத்த பரம்பரையா? தொண்ணூற்றெட்டு எடுத்து வந்த பிள்ளையிடம் மற்ற இரண்டும் எங்கே என்று கேட்கிற சாதி. கண்பட்டுவிடும் என்ற பயம் வேறு. நாலு போட்டேன். கேள்வி விளங்காத இடங்களில் மூன்று.

மனைவி சுகந்தி பருப்பைத் தாளித்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள். "இஞ்சருங்கோ, அந்தப் பெட்டிக்குள்ள நல்லவ எண்டு மட்டும் எழுதிப்போட்டு விடுங்கோ. கன கதை வேண்டாம்."

"நல்லவ எண்டால் காணுமே? ஆதாரம் வேணும்" என்றேன். பத்தி எழுதுகிறவனுக்குப் பெட்டியைக் காட்டினால் சும்மா இருப்பானா? எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினேன். அதன் தமிழ் இது:

'கோச் ரொபின் மிகவும் கண்டிப்பானவர். என் மகளுக்கு வீட்டில் யாரிடமும் பயமில்லை. கோச்சிடம் மட்டும் பயம். ஒருநாள் ஐந்து நிமிடம் பிந்திப் போனதற்குப் பாதி ஆட்டம் வெளியே உட்கார வைத்தார். மகள் காரில் வீடுவரை அழுதாள். மிக்க நன்றி.'

வாசிக்கிற உங்களில் எத்தனை பேருக்கு இதில் ஒரு பிழையும் தெரியவில்லை? கையை உயர்த்துங்கள். எனக்கும் தெரியவில்லை. நம் வீடுகளில் ஒரு ஆசிரியருக்குக் கொடுக்கிற மிகப் பெரிய பட்டம் இதுதானே? 'அந்த ரீச்சருக்குப் பிள்ளையள் நடுங்கும்' என்று சொன்னால் அடுத்த நாளே நாலு பேர் தங்கள் பிள்ளையை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள்.

மூன்றும் நாலுமான அந்த மார்க்குகளோடு சேர்த்து இந்த நாலு வரியையும் ஓர் ஆஸ்திரேலியர் வாசித்தால் என்ன நினைப்பார் என்று நான் யோசிக்கவே இல்லை. உலகத்தில் உள்ள அத்தனையையும் யோசிக்கிறவன், இதை மட்டும் யோசிக்கவில்லை!

உப அதிபர் போன் பண்ணிய அன்று மாலை. சாப்பாட்டு மேசை. மகள் முகம் கறுத்துப்போய் வந்து உட்கார்ந்தாள்.

"சம் ஸ்டுப்பிட் பேரன்ட் கம்ப்ளெய்ன் பண்ணியிருக்கு" என்றாள். "கோச் ரெய்னிங்குக்கு வரேல்ல. ஷி மைட் லூஸ் ஹெர் ஜொப், அம்மா."

பிட்டு எனக்குப் புரைக்கேறிவிட்டது. சுகந்தி தண்ணீரைத் தள்ளிவைத்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். இருபது வருடமாக அந்த முகத்தைப் பார்ப்பவள்.

"இஞ்சருங்கோ," என்றாள் மெதுவாக, "அந்தப் பெட்டிக்குள்ள என்னத்தை எழுதினனீங்கள்?"

சொன்னேன். மகள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்பா. யூ டிட் வாட்?"

"நான் நல்லாத்தான் எழுதினனான் பிள்ளை..."

"அழுதனான் எண்டு எழுதினீங்களா? கோச்சாலயா அழுதனான்? ஆரால அப்பா லேட்? ஹூஸ் ஃபோல்ட் வாஸ் இட்?"

அன்று பிந்தியது என்னால்தான். பாதி வழியில் அடுப்பை அணைத்தேனா என்று சந்தேகம் வந்து காரைத் திருப்பினேன். அடுப்பு அணைந்துதான் இருந்தது. எப்போதும் அணைந்துதான் இருக்கும். ரொபின் காரணம் கேட்கவில்லை. "நேரத்துக்கு வந்தவர்கள் விளையாடுவார்கள்" என்று மட்டும் சொன்னார். பெஞ்சில் மகள் உட்கார்ந்திருந்த அந்தப் பாதி ஆட்டமும் லொலிபொப் இல்லாமலே என் வாய் மூடியிருந்தது. அடுத்த சனிக்கிழமையிலிருந்து மகளே அடுப்பைப் போனில் படமெடுத்து வைத்துக்கொள்கிறாள். நான் காரை மெதுவாக்கினால் படத்தைக் காட்டுவாள். எந்த வைத்தியராலும் முடியாததை அந்த மனுஷி ஒரு பாதி ஆட்டத்தில் செய்துவிட்டார். இதையல்லவா நான் எழுதியிருக்க வேண்டும்?

"ஃபிக்ஸ் இட், அப்பா" என்றாள் மகள். "ப்ளீஸ்."

கோபத்தில் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். 'ப்ளீஸ்' என்றாள்.

புதனும் வியாழனும் நான் ஃபோர்க்லிஃப்ட்டோடு ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தேன். கூட வேலைசெய்கிற வியட்நாம்காரர் இரண்டு தடவை வந்து சுகமா என்று விசாரித்தார். ஒரு பெண்ணின் வேலை என் வாயில் இருக்கிறது. பிழையாக ஒரு சொல் வந்தால்? ஏற்கெனவே எழுதிப் பிழைவிட்டாயிற்று, பேசினால் இன்னும் மோசமாகாதா? போகாமல் விட்டால்? போகாவிட்டால் எழுதினது எழுதினபடியே நின்றுவிடுமே... மகள் மொழிபெயர்க்கத் தானும் வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். பிள்ளையை வைத்துக்கொண்டு சொல்லக்கூடியதா, கூடாததா என்று எனக்கே தெரியாத ஒன்று மனதுக்குள் கிடந்தது.

வெள்ளிக்கிழமை நாற்பது நிமிடம் முந்திப் போய்விட்டேன்.

உப அதிபர் என் வயதில் பாதிதான் இருப்பார். அறையில் வட்டமேசை, ஒரு பெட்டி டிஷ்யூ. நான் நினைத்ததுபோல அதட்டவில்லை. என் படிவத்தை முன்னால் வைத்து, ஒவ்வொரு வரியாக மெதுவாகக் கேட்டார். "மகள் பயப்படுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். எதற்குப் பயம்?"

"அது புகழ்ச்சி, சேர்" என்றேன். "எங்கள் ஆட்கள் அப்படித்தான் புகழ்வார்கள்."

அவர் பேனாவை வைத்தார். "பிள்ளை பயப்படுவது நல்லது என்று சொல்கிறீர்களா?"

பாருங்கள், நியாயமான கேள்வி. இரண்டு நாள் ஒத்திகை பார்த்ததில் இந்தக் கேள்வி இல்லை. ஓம் என்றால் ரொபினுக்கு வேலை போகும். இல்லை என்றால் நான் எழுதினது பொய். "எனக்கு ஒரு கணக்கு வாத்தியார் இருந்தார்" என்று என் வாய் தானாகச் சொன்னது.

இந்தப் பக்கத்தில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன், குடும்பக் கஷ்டத்தால் படிப்பை விட்டேன் என்று. கஷ்டம் இருந்தது உண்மை. ஆனால் முழு உண்மை அது இல்லை. இத்தனை வருடமும் உங்களிடம் ஒளித்துவிட்டேன். மனைவியிடமும்தான்.

அந்த வாத்தியார் கரும்பலகைக்குக் கூப்பிடுவார். கணக்குப் பிழைத்தால் அடிப்பார். அது எல்லாரும் செய்ததுதான், அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. அடித்துவிட்டு வாங்கு எனப்படும் பெஞ்சின் மேல் ஏற்றி நிறுத்துவார். வகுப்பைப் பார்த்து, "இவனுக்கு எத்தனை மார்க் போடலாம்?" என்று கேட்பார். நாற்பது பிள்ளைகளும் ஒரே குரலில் "முட்டை!" என்று கத்த வேண்டும். கத்தாதவனும் வாங்கில் ஏற வேண்டும். என் சிநேகிதன் முதல் நாள் கத்தவில்லை. இரண்டாம் நாள் கத்தினான்.

கணக்குப் பாடம் உள்ள நாட்களில் பஸ் நிலையத்தில் இருந்துவிட்டுப் பிந்திப் போகத் தொடங்கினேன். பிறகு அந்த நாட்களில் போகவே இல்லை. பிறகு ஒரு நாளும் போகவில்லை. ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். வீட்டில் கஷ்டம் இருந்தபடியால் யாரும் ஏன் என்று கேட்கவும் இல்லை.

இதை உடைந்த ஆங்கிலத்தில், வினைச்சொல் முன்பின்னாக, ஒரு மாதிரிச் சொல்லி முடித்தேன். உப அதிபர் டிஷ்யூப் பெட்டியை என் பக்கம் தள்ளினார். நான் எடுக்கவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. ஒரு விஷயம் அப்போதுதான் வெளிச்சமாகிக்கொண்டிருந்தது.

"சேர், நான் வாத்தியாருக்குப் பயந்து பள்ளிக்கூடத்தை விட்டு ஓடினேன். என் மகளுக்கும் கோச்சிடம் பயம். ஆனால் குளிருக்குள் விடிய ஐந்தரைக்கு அலாரம் இல்லாமல் எழும்பி, அந்தக் கோச்சிடம்தான் ஓடுகிறாள். காய்ச்சல் என்றாலும் வீட்டில் நிற்கமாட்டாள். இரண்டுக்கும் என்னிடம் இருந்தது ஒரே சொல்தான், அதையே எழுதிவிட்டேன். என் பிழை."

"அப்படியானால் அவளுக்கு எதற்குப் பயம்?" என்று மறுபடி கேட்டார். இந்த முறை எழுதுவதற்காகக் கேட்டதுபோல் இல்லை.

"கோச் அவளைப் பற்றி வைத்திருக்கிற நல்ல எண்ணம் குறைந்துவிடுமோ என்று."

அதற்கு ஆதாரமாக ஒரு சம்பவமும் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன். சீசனின் நடுவில் ஓர் ஆட்டம். கடைசி நிமிடத்தில் என் மகள் பந்தைத் திருப்பி உதைக்கப்போய் எங்கள் கோலுக்குள்ளேயே அடித்துவிட்டாள். அதனால் தோற்றோம். நான் காருக்குள் போய் ஒளிந்துகொண்டேன். இனி இவளை எடுக்கமாட்டார்கள், எடுத்தாலும் கடைசியாக இறக்குவார்கள், மற்றப் பிள்ளைகள் பேசமாட்டார்கள் — எல்லாம் யோசித்து முடித்துவிட்டேன். ரொபின் அன்று அவளிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. வலையைக் கழற்றி மடிக்கச் சொன்னார், அவ்வளவுதான்.

அடுத்த சனிக்கிழமை, ஆட்டம் தொடங்குமுன் அணியைக் கூப்பிட்டு ஒரே ஒரு கட்டளை கொடுத்தார்: "முதல் பந்து அபிக்குப் போகவேண்டும். எங்கே கிடைத்தாலும் அவளுக்கு."

விசில் ஊதிய உடனே பந்து அவள் காலுக்கு வந்தது. அவள் அதை நிறுத்தி, தலையை நிமிர்த்தி, முன்னால் தட்டிவிட்டாள். சாதாரணமான தட்டு. கோல் ஒன்றும் விழவில்லை. அன்றும் தோற்றோம் என்றுதான் நினைவு. ஆனால் அந்த ஒரு தட்டோடு என் பிள்ளையின் தோள் பழைய இடத்துக்கு வந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

இதைக் கார்த்திக்கின் எக்செல்லில் எந்தக் கட்டத்துக்குள் போடுவது?

உப அதிபர் நீண்ட நேரம் எழுதினார். எழுதியதைத் திருப்பி வாசித்துக் காட்டி, சரியா என்று கேட்டார். நான் சொன்னதைவிட நல்ல ஆங்கிலத்தில் இருந்தது. ஆனால் நான் சொன்னதுதான். எழும்பும்போது, "உங்கள் மகளிடமும் மற்றப் பிள்ளைகளிடமும் தனியாகக் கேட்போம். உங்கள் வாய்ச்சொல்லை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற ஒருவன் நாலு வரி கிறுக்கினதற்கு ஒரு கல்லூரியே எழும்பி நின்று 'என்ன நடந்தது?' என்று கேட்கிறது. தொல்லைதான். ஆனால் இப்படி ஒரு தொல்லை எங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்திருக்கக் கூடாதா?

பத்து நாள் கழித்து மின்னஞ்சல் வந்தது. ரொபின் பயிற்சிக்குத் திரும்புகிறார். ஒப்பந்தம் இன்னும் இரண்டு வருடத்துக்கு. மகள் வாசித்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தாள் என்று எழுத ஆசை. "குட் ஜொப், அப்பா" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள். சுகந்திதான் என் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தாள். கணக்கு வாத்தியார் கதையை அதற்கு முதல்நாள்தான் அவளுக்குச் சொல்லியிருந்தேன்.

"இனி மார்க் போடச் சொல்லி ஏதும் வந்தால் என்னட்டைக் காட்டிப்போட்டு அனுப்புங்கோ" என்றாள் கடைசியில்.

அந்தச் சனிக்கிழமை மைதானத்தில் கார்த்திக் ஓடி வந்தார். "அண்ணா, நானும் திருப்பி ஒரு மெயில் போட்டேன் காலேஜுக்கு. எக்செல்ல புதுசா ஒரு கட்டம் சேர்த்துப் பாத்தேன். இவங்க வந்ததுலேர்ந்து ஒரு பொண்ணுகூட டீம விட்டுப் போகலண்ணா. பெஞ்சுலயே உக்காந்திருக்கிற பொண்ணுங்ககூடப் போகல. என் டேட்டாவுலயே இருந்திருக்கு, நான்தான் பாக்கல."

அன்றைக்கு மன்னிப்புக் கேட்பது என்று முடிவுசெய்திருந்தேன். ஆட்டம் தொடங்க முன்பு ரொபின் கூம்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார். கிட்டப் போய் நடந்ததை எல்லாம் சொன்னேன். வாத்தியார் கதையையும் சொன்னேன். ஆங்கிலத்தில் இரண்டாம் தடவை என்பதால் வினைச்சொற்கள் ஓரளவு இடத்தில் நின்றன.

அவர் கூம்புகளை அடுக்கி முடித்தார்.

"உங்கள் படிவத்தை வாசிக்கத் தந்தார்கள், சிவா" என்றார். "எல்லாம் சரிதான். ஒன்று மட்டும் பிழை. ஐந்து நிமிடம் இல்லை. ஏழு."

சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அவர் சிரிக்கவில்லை. பிறகு, போகத் திரும்பியவர் நின்று கேட்டார்:

"அந்த வாத்தியாருக்கு ஒருநாளும் தெரியவராதா, நீங்கள் ஏன் வராமல் போனீர்கள் என்று?"

"இல்லை" என்றேன். "எங்கள் பள்ளிக்கூடத்தில் அதற்குப் படிவம் எதுவும் இருக்கவில்லை."

அவர் தலையாட்டிவிட்டு மைதானத்துக்குள் நடந்தார். பிள்ளைகள் அவரை நோக்கி ஓடினார்கள்.

காரில் திரும்பி வரும்போது அந்தப் பதிலையே யோசித்துக்கொண்டு வந்தேன். அது சரியில்லை என்று இப்போது தோன்றுகிறது. பதினான்கு வயதில் ஒரு பிள்ளை புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வகுப்பை விட்டுப் போகிறதே... வாத்தியாருக்கு அதைவிட வேறு என்ன மார்க் போட முடியும்?

நான் போட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறேன். எடுத்து வாசிக்கத்தான் யாரும் இருக்கவில்லை.